சிறிய கடையிலிருந்து பெரிய கம்பெனிக்கு

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து நாம் ஆலய முற்றத்தில் நின்றுகொண்டிருந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த ஒருவர் அருகில் வந்தார். தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காத்தவர். முழங்கால் நோயினால் இரண்டாண்டுகளாக உளியைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். உடன் அவருடைய மனைவியாரும் இருந்தார்.

"ஐயா, மூத்தவனுக்குச் சென்னையிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. ஆண்டுக்கு ஆறு இலட்சமாம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் ஐம்பதாயிரம். நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்லவேண்டும்."

மைந்தனுக்கு வயது 26. வணிகவியல் பட்டம் பெற்றவன். காரைக்குடியிலேயே கட்டடச் சாமான்கள் விற்கும் கடையொன்றில் கணக்கு எழுதுகிறான். கடையில் ஊழியர் 12 பேர். சம்பளம் 18,000 ரூபாய். சேர்ந்து நான்கு ஆண்டும் ஐந்து மாதமும் ஆகின்றன. உத்தரவு அனுப்பியிருப்பதோ நாடெங்கும் பெயர் தெரிந்த கம்பெனி. ஒரு மாதத்திற்குள் வந்து சேரும்படி அதில் எழுதியிருந்தது.

தாயாரின் கவலை வேறு. "அந்த முதலாளிதான் ஐயா என் பிள்ளைக்குக் கணக்கே சொல்லிக்கொடுத்தார். நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர் வீட்டம்மாதான் கஞ்சி கொண்டுவந்தார். அவரிடம் போய் எந்த முகத்தோடு சொல்லிக்கொள்வது?"

தந்தையின் வினா சம்பளத்தைப் பற்றியது. தாயின் வினா முகத்தைப் பற்றியது. இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பல நாள் சிந்தித்தோம். இத்தகைய உத்தரவுகள் இன்று நம் பங்குக் குடும்பங்கள் பலவற்றிற்கும் வருகின்றன. ஆதலின் அவர்களுக்குச் சொன்னதையும் சொல்ல மறந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

முதலில் தந்தையின் கணக்கு. ஆறு இலட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் ஐம்பதாயிரம் என்பது பள்ளிக்கூடக் கணக்கில் சரி. கம்பெனிக் கணக்கில் சரியன்று. ஓர் ஊழியருக்காகக் கம்பெனி ஆண்டு முழுவதும் செலவிடக்கூடிய மொத்தத் தொகையே அந்த ஆறு இலட்சம். அந்த உத்தரவின் பின்பக்க அட்டவணையை எடுத்துக்கொண்டோம். அறுபதாயிரம் ரூபாய், ஆண்டு முடிவில் வேலையின் தரத்தைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. முழுவதும் வரலாம், குறைந்தும் வரலாம். வருங்கால வைப்பு நிதியில் கம்பெனி செலுத்தும் பங்கு 21,600. பணிக்கொடைக்கென்று ஒதுக்குவது பதினாலாயிரத்துச் சொச்சம். இது பின்னொரு காலத்தில், அதுவும் தகுதி இருந்தால், கைக்கு வருவது. மருத்துவக் காப்பீட்டுத் தவணை 8,000. இவற்றைக் கழித்துப் பன்னிரண்டால் வகுத்து, ஊழியர் தம் பங்காகச் செலுத்தும் வைப்பு நிதியையும் தொழில்வரியையும் நீக்கிப் பார்த்தால், மாதந்தோறும் கையில் விழுவது முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். சென்னையில் இன்னொருவருடன் பங்கிட்டுக்கொள்ளும் அறை, சாப்பாடு, போக்குவரத்து, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்துபோகும் இரயில் செலவு எல்லாம் சேர்ந்து எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பதினைந்தாயிரத்திற்குக் குறையா என்பது நம் மதிப்பு. மிஞ்சுவது 24,000. இங்கேயோ 18,000, தாய் சமைத்த சோறு, சொந்தக் கூரை.

ஆகவே வேறுபாடு 32,000 அன்று, ஆறாயிரத்தை ஒட்டியது. தந்தையின் முகம் சற்று வாடியது உண்மை. ஆயினும் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்துவிட்டு வாடுவதைக் காட்டிலும் ஆலய முற்றத்திலேயே வாடிவிடுவது நல்லதல்லவா?

இன்னொன்றையும் அவர்கள் கவனிக்கவில்லை. மகனுடைய சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருப்பதால் அவன் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் இருக்கிறான். அவனைச் சார்ந்து வாழும் பெற்றோர் என்ற முறையில் தாயாரின் நீரிழிவு மாத்திரையும் தந்தையின் முழங்கால் சிகிச்சையும் அதன் வழியாகவே நடைபெற்று வருகின்றன. சம்பளம் அந்த வரம்பைக் கடந்தால் இவ்வசதி நின்றுவிடும். புதிய கம்பெனியின் மருத்துவக் காப்பீட்டில் பெற்றோருக்கு இடம் உண்டா என்று உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். 'ஊழியர், வாழ்க்கைத்துணை, குழந்தைகள்' என்று மட்டுமே இருந்தது. பெற்றோரைச் சேர்க்கத் தனித் தவணை கட்டவேண்டுமாம். அறுபது வயதைத் தொடும் இருவருக்கு அது சிறு தொகையாக இராது.

இவ்வளவும் சொன்னபின், "அப்படியானால் போகவேண்டாம் என்கிறீர்களா?" என்று அவர் கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். பன்னிரண்டு பேர் கடையில் கணக்கு எழுதுபவனுக்கு மேலே முதலாளி ஒருவர்தாம். ஏறுவதற்குப் படி இல்லை. பெரிய இடத்தில் படிகள் உண்டு. ஆனால் ஏறப்போகும் படியின் உயரத்தைச் சரியாக அளந்துகொண்டு காலை வைக்கவேண்டும்.

கிட்டங்கிக் காலத்து வழக்கம்

வேலை மாறுதல் என்பது இக்காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த வழக்கம் என்று நம்மில் முதியோர் பலர் எண்ணுகின்றனர். செட்டிநாட்டில் வாழும் நாம் அப்படி எண்ணலாகாது. நம்மைச் சுற்றி நிற்கும் பெரிய வீடுகளைக் கட்டிய பணத்தின் கதையே ஊழியர் கடை மாறிய கதையுந்தான்.

நகரத்தாரின் வட்டிக்கடைகள் பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் எனக் கடல்கடந்து பரவியிருந்தன. 1929–30-இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றின் மூலதனம் 75 கோடி ரூபாய் அளவில் மதிப்பிடப்பட்டது. இக்கடைகளில் முதலாளி ஊரில் இருப்பார். அங்கே கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். எல்லாருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மீசை அரும்பாத வயதில் கப்பலேறிப்போய், பெட்டியருகில் அமர்ந்து பணம் எண்ணவும், ஏவிய இடத்துக்கு ஓடவும், இரவில் பேரேட்டைப் பார்த்துக் கணக்குப் படிக்கவும் தொடங்குவான். பிற்காலத்தில் தாமே முதலாளியாக விளங்கியவர் பலரும் இந்தப் பெட்டியடியில் உட்கார்ந்து எழுந்தவர்களே. பள்ளத்தூரில் பிறந்து, 1900-இல் பர்மாவில் தம் தொழிலைத் தொடங்கிய திவான் பகதூர் அ.மு. முருகப்ப செட்டியாரும் பதின்பருவத்திலேயே அங்கு சென்று உறவினர் கடையில் தொழில் பயின்றவர்தாம். 1949-இல் சென்னையில் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கிய குழுமம் அவர் வழி வந்தது.

மேலாளின் உத்தியோகம் வாழ்நாள் உத்தியோகமன்று. பொதுவாக மூன்று ஆண்டுத் தவணை. புறப்படுமுன் சம்பளம், தவணை முதலியன எழுத்தில் வரையறுக்கப்படும். சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்தின் கைக்கு வரும். இலாபத்தில் பங்கு தனி. தவணை முடிந்ததும் ஊர் திரும்பிச் சில காலம் வீட்டில் இருப்பார். பின்பு அதே முதலாளியிடம் மறு தவணைக்குப் போகலாம். அல்லது வேறொரு கடைக்கு, பெரும்பாலும் இதைவிடப் பெரிய கடைக்குப் போகலாம். அதை யாரும் துரோகம் என்று சொன்னதில்லை. தவணைக்கு நடுவில் விட்டுப்போவதே பழி.

பெரிய கடைக்கு இவரைப் பற்றி எவ்வாறு தெரியும்? சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளை நினைத்துப் பாருங்கள். நீண்ட கூடம், ஒரே கூரையின் கீழ்ப் பல கடைகள், ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, பாய் விரிக்குமளவு இடம். உண்பதும் உறங்குவதும் அங்கேயே. ஒரு பையன் கணக்கைத் தப்பின்றி எழுதுகிறானா, வசூலுக்குப் போனால் வெறுங்கையோடு வருகிறானா என்பது அண்டையில் இருக்கும் பத்துக் கடைக்கும் தெரியும். கடைகளெல்லாம் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்த விலாசத்தால் வழங்கின. 'இன்ன விலாசத்தில் வேலை பார்த்தவர்' என்ற ஒரு சொல்லே போதும். வேறு சான்றிதழ் வேண்டியதில்லை. (அக்கடைகளில் மேலாள் பதவி பெரும்பாலும் அச்சமூகத்தாருக்கே உரியதாயிருந்தது. வெளியார் அந்த வாசலில் நுழைவது அரிது. பழைமையைப் போற்றும்போது இதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.)

கடையை விட்டு நீங்கும் முறையே நமக்கு முக்கியமானது. புதிய மேலாள் ஊரிலிருந்து வந்து இறங்கியபின்புதான் பழையவர் புறப்படுவார். இருப்புப் பணம், அடமானப் பத்திரங்கள், வரவேண்டிய கடன்கள் ஆகிய யாவும் பேரேட்டோடு ஒத்துப் பார்க்கப்படும். கடன்காரர்களிடம் புதியவரை அறிமுகம் செய்து வைப்பார். ஐந்தொகை எடுத்து முதலாளிக்கு அனுப்பப்படும். இவ்வளவும் முடிந்த பின்பே கப்பல். ஒப்படைப்புச் சுத்தமாக இருந்தால் அடுத்த கடையின் கதவு தானே திறக்கும். ஒரு ரூபாய் இழுபறியாக இருந்தாலும் அந்தச் செய்தி அவருக்கு முன்பே காரைக்குடிக்கு வந்து சேர்ந்துவிடும்.

வாய்ச்சொல்லாலான நம்பிக்கை ஒருபுறம், எழுத்து ஒருபுறம் என்று இரண்டையும் அவர்கள் வைத்திருந்தார்கள். வேதாகமத்திலும் தோபித்து தம் வெள்ளியைக் கபேலிடம் ஒப்படைத்தபோது, அவர் உறவினரே என்று வாளாவிருந்துவிடவில்லை. சீட்டு எழுதி வாங்கினார். இருபது ஆண்டு கழித்து மகன் தோபியாவுக்குப் பயன்பட்டது அந்தச் சீட்டே.

நாம் செய்த பிழை

சிறிய கடையில் ஒருவனுடைய மதிப்பு மனிதர்களின் நினைவில் இருக்கிறது. மூன்றாண்டுக்கு முன் பெருமழையில் கிடங்கில் நீர் புகுந்தபோது இரவெல்லாம் சிமெண்டு மூட்டைகளை அடுக்கியவன் யார் என்பது முதலாளிக்குத் தெரியும். பெரிய கம்பெனியில் அதை நினைவில் வைத்துக்கொள்ள ஒருவரும் இரார். அங்கே ஒருவனுடைய மதிப்பு தாளில் இருக்கிறது, இன்று கணினியில். எனவே ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் போகிறவன் நினைவில் இருப்பதைத் தாளில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். இதை நாம் எந்த நூலையும் படித்துச் சொல்லவில்லை. பட்டுச் சொல்கிறோம்.

1991-இல் நாம் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். இருபத்திரண்டு பேர் வேலை செய்த இடம். அச்சுக் கோத்தோம், பிழை திருத்தினோம், காகிதம் வாங்க மதுரைக்கும் சிவகாசிக்கும் போனோம், கலியாணப் பத்திரிகைக்கு வந்தவர்களிடம் பேரம் பேசினோம். ஆறு ஆண்டில் அச்சுத் தொழிலில் நாம் தொடாத வேலை இல்லை. 1997-இல் பெரிய நிறுவனமொன்றில் இடம் கிடைத்தது. பழைய வேலையை விட்டுப் புதியதில் சேர இடையில் மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில்தான் பிழை நேர்ந்தது.

அச்சகத்தில் நம் பெயரில் வருங்கால வைப்பு நிதி இருந்தது. அதைப் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்; அல்லது முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். தங்கையின் திருமணம் நெருங்கியிருந்தது. எடுத்தோம். சீர்வரிசையில் ஒரு பீரோவும் ஒரு கட்டிலும் அந்தப் பணத்தில் வாங்கியவை. பீரோ இன்றும் அவள் வீட்டில் இருக்கிறது. புதிய இடத்தில் எட்டு ஆண்டு இருந்துவிட்டு 2005-இல் வெளிவந்து சிறிய புத்தகக் கடை ஒன்றை வைத்துக்கொண்டோம். 58 வயது நிறைந்தபோது ஓய்வூதியத்திற்கு விண்ணப்பிக்கப் போனோம். 1995-ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தின்படி மாதந்தோறும் ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். நம் கணக்கில் எட்டே இருந்தது. முன்பிருந்த ஆறு ஆண்டை நாமே பணமாக்கி அழித்துவிட்டோம். மாற்றியிருந்தால் ஆறும் எட்டும் பதினான்கு. ஆயுள் உள்ளவரை ஏதோ ஒரு தொகை வந்துகொண்டிருக்கும். இதில் அச்சகத்தின் குற்றமும் இல்லை, நிறுவனத்தின் குற்றமும் இல்லை. படிவத்தில் கையெழுத்திட்டது நம் கை.

இன்று நிலைமை எளிதாகியிருக்கிறது. 2014 முதல் ஒவ்வோர் ஊழியருக்கும் வாழ்நாள் முழுமைக்குமான ஒரே எண் கொடுக்கப்படுகிறது. எத்தனை கம்பெனி மாறினாலும் எண் மாறாது. ஆனால் பணத்தை எடுத்துவிடும் ஆசை மட்டும் மாறவில்லை. வேலை மாறும் இடைவெளியில் வைப்பு நிதியை உடைத்து மோட்டார் சைக்கிள் வாங்கிய பிள்ளைகள் நம் பங்கிலேயே இருக்கின்றனர். அவர்களைக் காணும்போதெல்லாம் தங்கை வீட்டுப் பீரோ நம் நினைவுக்கு வருகிறது.

நம் தச்சர் மகனுக்கு இத்தொல்லை இல்லை. பன்னிரண்டு பேர் மட்டும் உள்ள கடையாதலால் வைப்பு நிதிச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தவில்லை. அதற்கு இருபது பேர் வேண்டும். ஆனால் பணிக்கொடைக்குப் பத்துப் பேர் போதும். நிரந்தர ஊழியர் ஒருவர் ஐந்து ஆண்டு தொடர்ந்து பணி செய்து விலகினால், ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மீண்டும் ஆண்டுகளால் பெருக்கவேண்டும். 18,000 ரூபாய்க்கும் ஐந்து ஆண்டுக்கும் 51,923 ரூபாய் வருகிறது. தாயும் தந்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. கடை முதலாளிக்கும் நினைவில் இருந்ததா என்பது ஐயமே.

ஆனால் பையனுக்கு ஆகியிருப்பது நான்கு ஆண்டும் ஐந்து மாதமும். இன்னும் ஏழு மாதம் எந்தக் கம்பெனி காத்திருக்கும்? இங்கேதான் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பொன்று உதவுகிறது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி நிறைவாகியிருந்தால் அவ்வாண்டு முழுமையும் பணி செய்ததாகவே கொள்ளவேண்டும் என்று 1998-இல் அது தீர்ப்பளித்துள்ளது. ஏறத்தாழ 150 நாள் ஆகிவிட்டது; தேவை இன்னும் தொண்ணூறு. தொண்ணூறு நாள் என்பது பெரிய கம்பெனிகளுக்குப் புதிதன்று. தம்மை விட்டுப் போகும் ஊழியரிடம் அவை பலவும் அதே தொண்ணூறு நாள் முன்னறிவிப்புக் கேட்பவைதாம். ஆதலின் வந்து சேரும் ஊழியருக்காகக் காத்திருக்கவும் பழகியவை. "கேட்டுப் பாருங்கள், கேட்டதற்காக உத்தரவை ரத்து செய்துவிடமாட்டார்கள்" என்றோம்.

உத்தரவின் மூன்றாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பயிற்சி அளிப்பதால் இரண்டு ஆண்டுக்குள் விலகினால் குறிப்பிட்ட தொகையைக் கட்டவேண்டும் என்று. "இதெல்லாம் செல்லாது, சும்மா மிரட்டலுக்கு எழுதுவது என்று நண்பர்கள் சொல்கிறார்கள்" என்றான் பையன். அவ்வாறு அலட்சியமாக எண்ணுதல் கூடாது. விஜயா வங்கியில் 2007-இல் அதிகாரியாகச் சேர்ந்த ஒருவர், மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு இலட்சம் ரூபாய் தருவதாக எழுதிக்கொடுத்திருந்தார். 2009-இல் ஐ.டி.பி.ஐ. வங்கிக்கு மாறினார், இரண்டு இலட்சத்தைக் கட்டிவிட்டு, அந்த நிபந்தனை செல்லாது என்று வழக்குத் தொடுத்தார். கர்நாடக உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் அதை மாற்றிற்று. பணியில் இருக்கும் காலத்துக்குரிய கட்டுப்பாடே அது, விலகியபின் தொழில் செய்வதைத் தடுப்பதன்று, தொகையும் மிகையன்று என்பது தீர்ப்பு. வழக்கு முடிந்தபோது விஜயா வங்கியே இல்லை. 2019-இல் அது பாங்க் ஆஃப் பரோடாவோடு இணைந்துவிட்டது. எழுதிக்கொடுத்த தாளின் ஆயுள் எழுதி வாங்கிய வங்கியின் ஆயுளைவிட நீண்டது!

எல்லா நிபந்தனைகளும் நீதிமன்றத்தில் நிற்கும் என்று இதற்குப் பொருளில்லை. கையெழுத்திடுமுன் தொகை எவ்வளவு, காலம் எவ்வளவு என்று வாசித்துக்கொள்ளவேண்டும். பட்டச் சான்றிதழின் மூலப்படியைக் கேட்டால் காட்டலாம், விட்டுவிட்டு வரலாகாது.

சிறியது பெரியதாவதும் உண்டு

தாமே பெரிய இடத்தைத் தேடிப் போகிறவர்களைப் பற்றி இதுவரை சொன்னோம். இருந்த நாற்காலியிலேயே இருந்து, ஓர் இரவில் பெரிய கம்பெனியின் ஊழியரானவர்களும் இந்தச் சீமையில் உண்டு.

சிவகங்கைச் சீமையின் ஆ. தெக்கூரைச் சேர்ந்த கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-இல் மதுரையில் நிறுவியது பாங்க் ஆஃப் மதுரா. 1933-இல் தோன்றிய செட்டிநாடு மெர்க்கன்டைல் வங்கியையும், அதனினும் மூத்த இலஞ்சி வங்கியையும் 1960-களில் அது தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அதாவது, சிறிய வங்கிகளின் குமாஸ்தாக்களுக்கு அன்று அதுவே பெரிய வங்கி. தென் மாவட்டங்களில் அதன் கிளைகளில் கணக்கு வைத்திருந்த குடும்பங்கள் நம் பங்குகளிலும் பல. காசாளர் பெயர் சொல்லி அழைப்பார். படிக்காத பாட்டிக்குத் தாமே படிவம் எழுதிக்கொடுப்பார்.

2000 டிசம்பரில் அறிவிப்பு வந்தது. 2001 மார்ச்சில் பாங்க் ஆஃப் மதுரா ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. மதுரா வங்கியின் ஒரு பங்குக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் இரண்டு பங்குகள் என்பது கணக்கு. இதில் வியப்பு என்னவெனில், சேர்த்துக்கொண்ட வங்கிக்கு வயது ஏழு. சேர்ந்த வங்கிக்கு ஐம்பத்தெட்டு. ஊழியர் எண்ணிக்கையிலும் மதுரா வங்கியே பெரிது. மூலதனத்திலும் கணினியிலும்தான் மற்றது பெரிது.

பேரேட்டில் இருபது ஆண்டு பழகிய கைகள் ஐம்பதை நெருங்கும் வயதில் விசைப்பலகையைத் தொட்டன. பணம் எண்ணுவதே வேலை என்றிருந்தவர்கள் காப்பீடும் கடனட்டையும் பற்றி வாடிக்கையாளரிடம் பேச வேண்டியவராயினர். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி 2003-இல் முன்கூட்டி ஓய்வுபெறும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. போனவர்களும் உண்டு, கற்றுக்கொண்டு நிலைத்தவர்களும் உண்டு. போனவர் தோற்றவர், நிலைத்தவர் வென்றவர் என்று நாம் கருதவில்லை. அவரவர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதைப் பொறுத்தது அது.

இதை எதற்காகச் சொல்கிறோம் என்றால், நம் வீடுகளில் 'நிலையான கம்பெனி' என்ற சொல் மிகுதியாக வழங்குகிறது. பெண் கொடுப்பவரும் அதைத்தான் கேட்கிறார். (மாப்பிள்ளை என்ன வேலை செய்கிறார் என்று கேட்பது போய், எந்தக் கம்பெனி என்று கேட்பதே வழக்கமாகிவிட்டது.) 1937 பிப்ரவரி 10-ஆம் நாள் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று ஊர்களில் கதவு திறந்தது: காரைக்குடி, சென்னை, இரங்கூன். ஐந்தே ஆண்டில் ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தனர். 1,650 கடைகளின் ஊழியரில் எத்தனையோ பேர் கால்நடையாகக் காடும் மலையும் கடந்து இந்தியா வந்து சேர்ந்தனர். கடைகள் போயின. கணக்கு எழுதத் தெரிந்த கை போகவில்லை. அதைக் கொண்டு வேறிடத்தில் பிழைத்தனர்.

ஆதலால் பையனிடம் நாம் ஒன்று சொன்னோம். இந்தச் சிறிய கடையில் சரக்கு வாங்குவதும், வரி கட்டுவதும், வங்கிக்குப் போவதும், கொத்தனாரிடம் பாக்கி வசூலிப்பதும் எல்லாம் நீயே செய்திருக்கிறாய். அங்கே போனால் ஒரே வகைப் பட்டியலை ஆண்டு முழுவதும் சரிபார்க்கச் சொல்லக்கூடும். நமக்கு அப்படித்தான் நேர்ந்தது. அச்சகத்தையே சுமந்தவனுக்கு ஆறு மாதம் காகித வரவுச் சீட்டில் கையெழுத்திடும் வேலை. அச்சலிப்பில் இங்கே கற்றதை மறந்துவிடாதே.

இனித் தாயாரின் வினா. முதலாளியின் முகத்தில் எவ்வாறு விழிப்பது?

முதலில் அவரிடந்தான் சொல்லவேண்டும் என்றோம். கடைப் பையன்கள் வழியாகவோ, லாரிக்காரர் வழியாகவோ அவர் காதுக்குப் போகுமானால் நாலரை ஆண்டுச் சோறு வீண். சொல்லும்போது சம்பளத்தைக் குறை சொல்லலாகாது. அது அவர் கொடுக்க முடிந்த சம்பளம். அடுத்தவர் ஒருவருக்குக் கணக்கைக் கற்பித்து, யார் யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதைக் கையெழுத்துப் பட்டியலாக எழுதி ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும். கடவுச்சொற்களையும் சேர்த்து, இக்காலத்துச் சாவிக்கொத்து அதுவே. பிறகு அவரிடம் ஒரு கடிதம் கேட்டுப் பெறவேண்டும்: இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை, இன்ன வேலை, நற்பெயருடன் விடுவிக்கப்பட்டார் என்று. பெரிய கம்பெனி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். சிறு முதலாளிகள் பலருக்கு அப்படியொரு கடிதம் எழுதும் வழக்கமே இல்லை. வாசகத்தை நாமே எழுதிக்கொடுத்தோம்.

மறுநாள் மாலை தந்தையும் மகனும் கடைக்குப் போயினர். முதலாளி சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "போகாதே என்று சொல்ல என்னால் முடியாது. கல்லாவில் உட்காரும் என் மகனுக்குக் கணக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஆளைத் தயார் செய்துவிட்டுப் போ" என்றாராம். பணிக்கொடை பற்றிக் கேட்டதும் முகம் சிறிது மாறியது என்றும், தம் ஆடிட்டரைக் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொன்னார் என்றும் தந்தை கூறினார். நான்காம் நாள் ஆடிட்டர் ஆம் என்றார். முதலாளியும் சரி என்றார். இரண்டு தவணையாகத் தருவாராம்.

சென்னைக் கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதி 95 நாள் கேட்டான். ஒரு வாரம் பதில் இல்லை. அந்த ஒரு வாரமும் தாயார் நம்மைத்தான் நொந்துகொண்டிருந்தார் என்று பின்னர் அறிந்தோம். எட்டாம் நாள் பதில் வந்தது, ஒப்புக்கொண்டிருந்தனர். பெற்றோரைக் காப்பீட்டில் சேர்க்கும் தவணை எவ்வளவு என்றும் அதிலேயே குறித்திருந்தனர். அத்தொகையை நாம் மேலே போட்ட கணக்கில் கழித்தால் ஆறாயிரம் இன்னும் சுருங்குகிறது. அதையும் கழித்துத்தான் பார்த்தார்கள். ஆயினும் போவதென்றே முடிவு.

இப்பொழுது கடையில் ஒரு பெண்பிள்ளை கணக்கு பழகிக்கொண்டிருக்கிறாள். மாலையில் கடை சாத்தியபின் அரைமணி நேரம் பழைய பாக்கிகளைப் பற்றி அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். சென்ற ஞாயிறு பூசைக்கு வந்த தந்தை, காலணியைக் கழற்றும்போதே நம்மைப் பார்த்து விரலை மடக்கிக் காட்டினார்: இருநூற்று நாற்பதுக்கு இன்னும் முப்பத்தொரு நாள்.